பதில் வராத கட்டளை

போன குளிர்காலத்தில் சிட்னியில் நடந்தது இது. ஸ்ட்ராத்ஃபீல்டில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் தனியாக இருந்தார். மறதி நோய் முற்றிய அவருடைய கணவர், பிளாக்டவுன் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில். அங்கிள் இளமையில் சோவியத் யூனியனில் பொறியியல் படித்து, அங்கேயே ஓர் அனல்மின் நிலையத்தில் சில காலம் வேலை பார்த்தவர். நோய் முதலில் அவருடைய ஆங்கிலத்தைக் கொண்டுபோனது, பிறகு தமிழை. மிஞ்சியது ரஷ்ய மொழி மட்டும்.

தமிழ்நாட்டில் ரஷ்யர்களோடு சேர்ந்து ஒரு மின் நிலையத்தில் வேலை பார்த்ததால் அந்த மொழி எனக்கு ஓரளவு வரும். அது தெரிந்ததும் அன்ரி மாடியேறி வந்தார்.

"பிள்ளை, அவர் நாள் முழுக்க ஆரோடையோ கத்திக் கதைக்கிறார். என்ன எண்டு கேட்டுச் சொல்லுறியோ? பொம்பிளைப் பேர் வந்தாலும் மறைக்காதை."

சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் காரில் போகும்போது, மறைக்காதை என்று இன்னும் இரண்டு தடவை சொன்னார்.

அங்கிளின் அறையில் ரஷ்யச் செய்திச் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பிடிக்கும் என்று தாதியர் வைத்துவிட்டார்களாம். முழுக்கப் போர்ச் செய்தி. நாற்காலிக் கையில் அடித்துக்கொண்டிருந்தார் அங்கிள். டிவியை அணைத்துவிட்டு அவர் கத்துவதைக் கவனித்துக் கேட்டேன். வலி, பயம், பழைய உறவு என்று மூன்று காரணங்களை வரும் வழியிலேயே மனதில் போட்டு வைத்திருந்தேன். மூன்றும் இல்லை. விறைப்பான குரலில் ஒரு வாக்கியம் சொல்வார். தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். பிறகு அதையே இன்னும் உரக்கக் கத்துவார்.

"டர்பைனை நிறுத்தப் போறார் அன்ரி. கரன்ட் எடுக்கிற மெஷின். லோடைக் குறைன்னு யாருக்கோ ஆர்டர் போடுறார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"என்ர பேர்?"

"இல்ல அன்ரி."

அன்ரி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். "அந்த மெஷின் குடுத்து வச்சது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாதிரி மின் நிலையங்களில் கட்டளை போனில் போகும். வாங்கிக்கொண்டேன் என்று மறுமுனை சொல்லாதவரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. இவருக்குத்தான் யாரும் பதில் சொல்லவில்லையே. "ப்ரீன்யத்தா" என்றேன். ஏற்றுக்கொண்டேன் என்று பொருள். அங்கிள் தலையசைத்தார். அமைதியான குரலில், நீராவி வால்வை மூடு என்று அடுத்த கட்டளைக்குப் போனார்.

அந்தச் சொல்லை அன்ரி பத்துத் தடவையாவது என்னைச் சொல்ல வைத்துக் கேட்டிருப்பார். பிறகு தானே சொன்னார். அங்கிள் ஏற்றுக்கொண்டார்.

"நான் தன்ர மனிசி எண்டு தெரியாட்டிலும் பரவாயில்லை. கூட டியூட்டியில நிக்கிற ஆள் எண்டாவது நினைக்கிறாரே."

அதன் பிறகு தினமும் ரயிலேறிப் போய்ப் பதில் சொன்னார். கடைசிக் கட்டளை, தண்டைச் சுற்றவிடு என்பது. நிறுத்திய டர்பைனின் சூடான தண்டு அசையாமல் கிடந்தால் வளைந்துவிடும். ஆறும்வரை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். அதைச் சொல்லி முடித்ததும் அங்கிள் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

ஒரு மதியம் அலுவலகத்துக்கு அன்ரியின் அழைப்பு வந்தது.

"இண்டைக்கு அந்தச் சுத்துற கட்டளையோட நிண்டிட்டார் பிள்ளை. திரும்பத் தொடங்கேல்லை. இனி நான் என்ன சொல்ல வேணும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் அன்ரி. சூடு ஆறுற வரைக்கும் பக்கத்துல ஆள் இருந்தா போதும்."

"ஓம். இருக்கிறன்."

அந்த வாரமே அங்கிள் போய்விட்டார். கடைசிவரை அவர் அன்ரியின் பேரைச் சொல்லவில்லை. யாரோ ஒரு சக ஊழியராக இருந்து கணவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த அன்ரியை நினைத்தால், யாராவது சொன்னதையே என்னிடம் திரும்பச் சொல்லும்போது, "முன்னமே சொல்லிட்டீங்க" என்று வெட்ட இன்றுவரை எனக்கு வாய் வருவதில்லை.