ரவுண்ட்ஸில் பேசக்கூடாது

நர்சிங் இரண்டாம் ஆண்டில், தேனாம்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் எங்களுக்குப் பயிற்சி. திருவான்மியூரில் பஸ் ஏறும்போதே எனக்குப் பயம் தொடங்கிவிடும். நோயாளிகளை நினைத்தல்ல, வார்டைப் பொறுப்பேற்று நடத்திய சிஸ்டரை நினைத்து. அனுமதி கேட்காமல் மாணவிகள் டிரிப்பைத் தொடக்கூடாது. டாக்டர் ரவுண்ட்ஸில் இருக்கும்போது வாய் திறக்கக்கூடாது. இரண்டும் அவர் போட்ட விதிகள்.

அன்று ரவுண்ட்ஸ் வார்டின் மறுகோடியில் இருந்தது. கதவோரக் கட்டிலில் பெயின்டர் ஒருவர். பொட்டாசியம் கலந்த டிரிப் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இன்னா பாப்பா, கை இப்டி வீங்கிகீது? எரியுதுன்னு துடிக்கிறாரு."

ஊசி நரம்பைவிட்டு விலகியிருந்தது. புறங்கை பளபளவென்று இறுகி, தொட்டால் சில்லென்றிருந்தது. மருந்து சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விட்டால் தோல் வெந்துபோகும். முதலில் நிறுத்து, பிறகு சொல் என்பது வகுப்பில் படித்தது. வார்டில் முதலில் கேட்க வேண்டும். கேட்பதற்கு வாய் திறக்க வேண்டும்.

"தொடாதடி," என்று என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த தோழி முணுமுணுத்தாள். "போன வாரம் கேக்காம தொட்டதுக்கு சிஸ்டர் என்னை வராண்டாவுல நிக்க வெச்சாங்கல்ல?"

"இன்னாமே, ரெண்டு பேரும் பொம்மையாட்டம் நிக்கிறீங்க?" என்றார் அந்த அம்மாள்.

குழாயிலிருந்த சின்னச் சக்கரத்தை உருட்டினேன். விரல் வழுக்கியது. மறுபடி உருட்டினேன். சொட்டு நின்றது.

ரவுண்ட்ஸ் எங்கள் கட்டிலுக்கு வந்தது.

"யார் மூடினது?" என்றார் சிஸ்டர்.

"நான், சிஸ்டர்."

அவர் வீக்கத்தைப் பார்த்தார். டாக்டரிடம் திரும்பி, "நான்தான் நிறுத்தச் சொன்னேன், சார்," என்றார். ஊசியை எடுத்தார். என்னைப் பார்க்கவேயில்லை. திட்டியிருந்தால் என் பயம் குறைந்திருக்கும்.

"நாளிக்கும் நீதான வருவ?" என்று அந்த அம்மாள் கேட்டார். நான் வீங்கிய கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தேன்.

மதியம் எங்கள் கல்லூரி ஆசிரியை வந்து எங்களை வராண்டாவில் கூட்டினார். வார்டு திருப்தியா, யாருக்காவது வேறு வார்டுக்கு மாற்றம் வேண்டுமா என்று, வழக்கம்போல் சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார். "திருப்தி மேடம்," என்று ஒரே குரலில் சொன்னோம். மாற்றம் வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும். தூக்குவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். கதவு வழியாக அந்தக் கட்டில் தெரிந்தது. தூக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸிலும் அதே பயம்தான். வார்டுக்குள் நுழைந்ததும் முதலில் பெயின்டரின் கையைத் திருப்பிப் பார்த்தேன். வீக்கம் பாதி வடிந்திருந்தது. தோல் கறுக்கவில்லை.