முப்பத்தோராவது நிமிடம்

மஹ்லகா தஷ்தி கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அன்றைக்கு அவர் கோபப்படாமல் இருந்திருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

தய்யெர் துறைமுகத்து மீனவர் மகள். பூஷெஹரில் இயற்பியல் படித்துவிட்டு எங்கள் எரிவாயு ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தார். பெண் என்பதால் தொட்டிக்குள் இறங்க விடவில்லை. வாசலில் ஒரு பலகையும் கடிகாரமும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு உள்ளே போகிறவன் எப்போது போனான், எப்போது திரும்ப வேண்டும் என்று குறித்து, வாக்கிடாக்கியில் கூப்பிடுவது அவர் வேலை. பதினோரு வருடம் அதைச் செய்தார். வாய்ச்சவடால் பேர்வழிகளெல்லாம் ‘இன்ஜினியர்’ என்று அழைக்கப்படும் ஆலையில், படித்த அவர் வெறும் ‘கானும்’, அதாவது அம்மணிதான்.

அந்த வருடம் புதுச் சிலிண்டர்கள் வந்தன. பழையதில் அழுத்தம் இருநூறு, புதியதில் முந்நூறு. எங்கள் மேலாளர் ஸர்மதி அட்டவணையை ஒரே நொடியில் திருத்தினார். பழையது முப்பத்து நான்கு நிமிடம் தாங்கும், அழுத்தம் ஒன்றரை மடங்கு, ஆகவே ஐம்பத்தொன்று. திரும்பி வெளியே வரப் பதினைந்து நிமிடம் போக, முப்பத்தாறாவது நிமிடம் திரும்பினால் போதும் என்று சுவரில் ஒட்டிவிட்டார்.

தஷ்தி கானும் கணினியில் இரண்டு கணக்கு நிரல் எழுதினார். ஒன்று பள்ளிக்கூடக் கணக்கு: காற்றின் மூலக்கூறுகளுக்கு உடம்பே இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் அமுக்கலாம் என்று நம்புவது. மற்றொன்று, அவற்றுக்கும் உடம்பு உண்டு, ஓர் அளவுக்கு மேல் நெருக்கினால் இடம் கொடுக்காது என்று தெரிந்த கணக்கு. இரண்டின் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டார். இருநூறு வரை இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே போயின. முந்நூறில் ஒன்று ஐம்பத்தொன்று என்றது, மற்றது நாற்பத்தாறு என்றது.

தாளை எடுத்துக்கொண்டு வந்தபோது நானும் அந்த அறையில் இருந்தேன்.

“இன்ஜினியர் ஐயா, தப்பு என் கணக்குலதான் இருக்கும். இருந்தாலும் நேரம் கிடைச்சா ஒரு தடவை பார்த்தீங்கன்னா...”

ஸர்மதி சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து டீயை உறிஞ்சினார். “தப்பு உங்க மேலதான்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் நான் எதுக்குப் பார்க்கணும்?”

எங்கள் பக்கத்தில் மேலதிகாரியிடம் ‘தப்பு என்னுடையது’ என்றால், ‘உன்னுடையதைப் பார்’ என்று பொருள். ஸர்மதிக்கும் அது தெரியும். வசதியாக இருந்ததால் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டார். நானும் ஜால்ரா போட்டுச் சிரித்தேன். “விடுங்க கானும், அஞ்சு நிமிஷத்துக்கா இவ்வளவு காகிதம்?” என்றேன். நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

பத்து நாள் கழித்து, பராமரிப்பின் கடைசி நாள். யாவர் என்கிற நானும், என்னைவிட இளையவன் குத்ரத்தும் பெரிய தொட்டிக்குள் சேறு வழிக்கப் போனோம். அது நச்சு வாயு ஊறிய சேறு. முகமூடி இல்லாமல் இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் காலி. முழங்கால் வரை சேறு, குறுக்கே மூன்று தடுப்புத் தகடுகள். கடைசி மூலையிலிருந்து ஏணிக்கு வரவே பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும்.

வேலை முடியும் தறுவாயில் வாக்கிடாக்கி கரகரத்தது.

“யாவர் அண்ணே, குத்ரத் அண்ணே, திரும்புங்க.”

“இன்னும் நாலு நிமிஷம் இருக்கே கானும்?” என்றேன்.

வெளியே, அவர் பக்கத்தில் ஸர்மதியின் குரல். “அட்டவணைப்படி முப்பத்தாறு. வேலையை முடிச்சிட்டு வரட்டும்.”

பிறகு பதினோரு வருடத்தில் நான் கேட்காத ஒரு குரல் வந்தது.

“உங்க அட்டவணை தப்பு! தப்பு என்னுதுன்னு நான் சொன்னது மரியாதைக்கு. உள்ளே இருக்கிறது மனுஷ உசுரு. யாவர், மண்வெட்டியைக் கீழே போடு! நட!”

வாடா போடா என்று திட்டியிருந்தால்கூட அவ்வளவு பயம் வந்திருக்காது. போட்டுவிட்டு நடந்தேன். ஸர்மதி இன்னும் ஏதோ கத்திக்கொண்டிருந்தார்.

முதல் தகட்டைத் தாண்டி இரண்டாவதன் ஓட்டைக்குள் தவழ்ந்தபோதே குத்ரத்தின் சிலிண்டர் விசில் அடித்தது. காற்று தீரப்போகிறது என்ற எச்சரிக்கை. அடுத்து என்னுடையது. அட்டவணைப்படி அந்த விசிலுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. கானுமின் தாளில் இருந்த இரண்டாவது எண் அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேறு காலை விடவில்லை. ஒவ்வொரு மூச்சும் போன மூச்சைவிடக் குறைவாக வந்தது.

ஏணியடியில் குத்ரத் ஒதுங்கி நின்றான். நெஞ்சில் கை வைத்து, “நீங்க முதல்ல ஏறுங்கண்ணே” என்றான்.

“உன் காலடி மண்ணுப்பா நான். நீ ஏறு.”

“சத்தியமா முடியாதுண்ணே. நீங்க மூத்தவரு.”

இரண்டு விசிலும் அலறுகின்றன, நாங்கள் உபசாரம் செய்துகொள்கிறோம். கல்யாண வீட்டு வாசலில் செய்கிற அதே உபசாரம். பிறந்ததிலிருந்து பழகியது, கால் தானாக ஒதுங்கிவிடுகிறது.

“குத்ரத்! ஏறித் தொலை!” என்று மேலிருந்து கானுமின் அலறல் வந்தது.

அவன் ஏறினான். பின்னால் நான். மேலே இரண்டே படி இருக்கும்போது முகமூடி முகத்தோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், எதுவும் வரவில்லை. கண் இருட்டியது. அதைக் கழற்றக் கை துடித்தது, கழற்றினால் சாவு. ஏணியை இரு கையாலும் கட்டிப் பிடித்தேன். யாரோ தோள்வாரைப் பற்றி என்னை மூட்டை போல வெளியே இழுத்தார்கள்.

காற்று வீசும் பக்கமாக மணலில் கிடந்து இருமினேன். குத்ரத் அழுதான். ஸர்மதி என் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பத்தேழாவது நிமிடம். திரும்பி அலுவலகப் பக்கம் போய்விட்டார்.

கானும் என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். தெய்வம் போல வந்து காப்பாற்றினீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“முப்பத்தொண்ணுல கூப்பிட்டிருக்கணும் அண்ணே. முப்பத்திரண்டுலதான் கூப்பிட்டேன். பக்கத்துல அவரு நின்னாரு. அவரு மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். மேலே உங்களுக்கு இல்லாமப் போன காத்து அந்த நிமிஷந்தான்.”

‘அதெல்லாம் பரவாயில்லை கானும்’ என்பதுதான் எங்கள் மரியாதை. நான் சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.