கொம்பு இறங்காத காலை

போடிமெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டராக இருந்தேன். மாநிலம் பிரித்த சமயம். தேயிலைப் பெட்டிகளைத் தூக்கி அடுக்க, மிலிட்டரி ஏலத்தில் எடுத்த லிஃப்ட் வண்டி ஒன்று அங்கே இருந்தது. முன்னால் இரண்டு இரும்புக் கொம்புகள். எண்ணெய் அழுத்தத்தில் அவை ஏறும், இறங்கும். அதை ஓட்டியவன் கீழே சமவெளியில் பெருமாட்டி என்ற ஊர்க்காரன், புதிதாக மலையேறி வந்தவன். என்னை அண்ணன் என்பான். எதற்கெடுத்தாலும் சிரிப்பான், அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சல்.

வண்டிக்கு ஒரு வியாதி. சிலிண்டருக்குள் தோல் வாஷர் தேய்ந்து எண்ணெய் கசிந்தது. தூக்கி நிறுத்திய கொம்பு விடிவதற்குள் ஒரு முழம் இறங்கியிருக்கும். வாஷரும் எண்ணெயும் கொச்சியிலிருந்து வரவேண்டும். வருகிறது, வருகிறது என்றார்களே தவிர வந்தபாடில்லை. பாரத்தோடு கொம்பை மேலே விட்டுப் போகாதே என்று அவனிடம் தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன்.

மார்கழியில் ஒரு காலை. போய்ப் பார்த்தால், முதல் நாள் ஏற்றிய பாரத்தோடு கொம்பு மேலேயே நிற்கிறது, விரற்கடைகூட இறங்கவில்லை. இரும்பைத் தொட்டால் கை விறைக்கும் குளிர். வியாதி தீர்ந்துவிட்டது என்று அவன் குதித்தான். எனக்கு நம்பிக்கை இல்லை. தேய்ந்த வாஷர் தானாக ஆறுவதற்கு அது என்ன சிரங்கா?

அவன் லீவரை இறக்கும் பக்கம் தள்ளினான். கொம்பு அசையவில்லை. அழுத்தம் காட்டும் கேஜில் முள் சைபரில் கிடந்தது. அழுத்தமே இல்லை என்றால் பாரத்தை எது தாங்குகிறது? கொம்பு ஏறி இறங்க உதவும் சக்கர உருளை சிக்கிக்கொண்டது என்றான் அவன். லீவரை அப்படியே விட்டுவிட்டு, மெட்டில் லாரிக்காரர்கள் குளிரில் இஞ்சினுக்கு ஊற்றுவதுபோல, ஒரு வாளி வெந்நீரைக் கொண்டுவந்து சிலிண்டர் மேலும் குழாய் மேலும் ஊற்றினான். நான் லீவருக்குப் பக்கத்தில் நின்று எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்தேன்.

உள்ளே மெழுகுபோல வெள்ளையாக உறைந்திருந்தது. மோந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய். கசிந்து குறைந்ததற்கு ஈடாக, ஊரிலிருந்து கொண்டுவந்த டின்னை என்னிடம் சொல்லாமல் ஊற்றியிருக்கிறான். நிறைந்துவிட்டது என்ற தைரியத்தில் பாரத்தையும் மேலே விட்டுப் போயிருக்கிறான். பெருமாட்டி வெயிலில் அது தண்ணீராக ஓடும். இங்கே இராக்குளிரில் இறுகி, வால்வையும் அடைத்து, கேஜையும் ஊமையாக்கியிருந்தது. பாரத்தைத் தாங்கி நின்றது உறைந்த எண்ணெய்தான். வெந்நீர் இப்போது அதை உருக்கிக்கொண்டிருந்தது. லீவரோ இறக்கும் பக்கம்.

நிமிர்ந்தேன். அவன் கொம்புக்கு அடியில் குந்தி, உருளையைத் தடவிப் பார்க்க இடது கையை உள்ளே விட்டிருந்தான்.

"வெளிய வாப்பா. கைய எடு," என்றேன்.

"முள்ளு சைபர்லதானுங்ணா கெடக்குது," என்று சிரித்தான்.

லீவரைத் திருப்பப் பாய்ந்தேன். என் கை அதில் படுவதற்கும் கொம்பு விழுவதற்கும் சரியாக இருந்தது.

அவன் துள்ளிப் பின்னால் விழுந்ததில் உடம்பு தப்பியது, கை தப்பவில்லை. ஆட்கள் ஓடிவந்து அவனை விடுவித்தபோது அவன் அழவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

"எதுக்குங்ணா எறக்குனீங்க?"

"நான் எறக்கலப்பா. தானா எறங்கிருச்சு."

அவன் நம்பவில்லை. அந்த நிலையில் எண்ணெயைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவன் காதில் வாங்கவில்லை. கொம்பு விழுந்த நேரத்தில் அவன் கண்ணில் பட்டது, லீவரின் மேல் இருந்த என் கை.