ஒற்றை வாசல் கோபுரம்

தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் ஊரில் ஒரு பெண் வெடித்துச் சாகிறாள். ஊர் கை தட்டுகிறது.

பதற வேண்டாம், அவள் மரப் பொம்மைதான். இங்கே ரத்ஹவுஸ் என்று சொல்லும் ஊர் மன்றத்தின் நெற்றியில் ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது. மணி அடித்து ஓய்ந்ததும் அதன் கீழே ஒரு பூனை ஓடும். கையில் விளக்கோடு ஒரு வேலைக்காரப் பெண் அதைத் துரத்திக்கொண்டு ஒரு குட்டிக் கோபுரத்துக்குள் நுழைவாள். அவள் பின்னால் கதவு பட்டென்று சாத்திக்கொள்ளும். உள்ளே டும் என்று ஒரு முரசு. கீழே நிற்கும் வெளியூர்க்காரர்கள் சிரித்துக் கை தட்டிவிட்டு நேரே எங்கள் ரொட்டிக் கடைக்கு வருவார்கள், அந்தப் பெண்ணின் உருவத்தில் சுட்ட பன் வாங்க. அதன் பெயர் புல்வர்மேடல், வெடிமருந்துப் பெண். நான்கு வருடமாக அவளைக் காகிதப் பையில் போட்டு விற்றவள் நான்தான்.

இந்த ஜெர்மானிய ஊரின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், எனக்கே அது பிடிபட ஆறு மாதம் ஆயிற்று. சிவகாசியில் அச்சு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவருக்கு இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பூட்டும் வேலை கிடைத்தது. அப்படித்தான் வந்து சேர்ந்தோம். சின்ன ஊர், நம் எம். புதுப்பட்டியில் பாதி இருக்காது. பார்க்க வேண்டியவை என்று சுற்றுலாத் தாளில் நான்கு போட்டிருக்கும். முதலாவது பாறை மேலிருக்கும் புர்க், அதாவது கோட்டை. கீழே ஆற்றைக் கடக்கும் வண்டிகளிடம் வரி வாங்குவதற்காக ஒரு பிரபு கட்டியது. நம் சுங்கச்சாவடியேதான், கொஞ்சம் உயரத்தில். இரண்டாவது, தேவாலய வாசலில் ஊர்ப் பஞ்சாயத்து கூடிய லிண்டன் மரம். மூன்றாவது அந்தக் கடிகாரம். நான்காவது, கோட்டையின் பின்மூலையில் உச்சியில் ஒரு பக்கம் பிளந்து நிற்கும் புல்வர்டூர்ம். முந்நூறு வருடத்துக்கு முன் போருக்காக வெடிமருந்து அடைத்து வைத்திருந்த கோபுரம்.

முதல் நாள் அந்த டும் சத்தம் கேட்டபோது நான் பால் வாங்கிக்கொண்டிருந்தேன். பையைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்து வானத்தைப் பார்த்தேன். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த எங்கள் புதுப்பட்டியில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி வெளியே வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். நாரணாபுரம் பக்கமா, நம் பக்கமா? யார் வீட்டில் யார் இன்று வேலைக்குப் போயிருக்கிறார்கள்? இங்கே வானம் நீலமாக இருந்தது, பக்கத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் பத்தாவது படித்தபோது அம்மா வேலை பார்த்த பயர் ஆபீசில், அதாவது பட்டாசு ஆலையில், அவள் அறை வெடித்தது. தீபாவளி சீசன். கூட வேலை பார்த்த மாரியக்காவும் செல்வியும் இறந்துபோனார்கள். வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் கையிலும் கழுத்திலும் வெந்து பிழைத்தாள். வெடிமருந்து அறைக்குள் உலோகம் கூடாது. செருப்பு, கொலுசு, சேலை ஊக்கு எல்லாம் வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். அம்மா கொண்டையில் ஊசி இருந்தது என்றும், அது விழுந்து உரசித்தான் பற்றியது என்றும் ஃபோர்மேன் சொன்னார். விசாரணையில் அதையே எழுதிக்கொண்டார்கள். செல்வியின் அம்மா அதன் பிறகு எங்கள் தெருவில் நடந்ததில்லை. அம்மா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலையை மாற்றிக்கொண்டாள், கொண்டையை ஊசியில்லாமல் நூலால் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். அவள் பேசாததால் நானும் பாதி நம்பினேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

2006 கோடையில் அம்மா இங்கே வந்தாள். சேலைக்கு மேல் என் கணவரின் ஸ்வெட்டர், காலில் என் பழைய ஷூ. எங்கள் கடை முதலாளி வெபருக்குப் பரிசாக ஒரு சிவகாசி தினசரி காலண்டர் கொண்டு வந்திருந்தாள். வெபர் எழுபதைத் தொட்டவர். சின்ன ஊரில் ஒரு ஆளுக்கு மூன்று வேலை: நாளெல்லாம் ரொட்டி சுடுவார், சனிக்கிழமை கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார், ஞாயிற்றுக்கிழமை கோட்டையைச் சுற்றிக் காட்டுவார். காலண்டரை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டி, ஒரு எழுத்தும் தெரியாமல் தினம் ஒரு தாளை ஒழுங்காகக் கிழித்தார்.

வந்த மறுநாளே பன்னிரண்டு மணி டும் கேட்டு அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வானத்தைத் தேடினாள். "கடிகாரச் சத்தம்மா, கோயில் மணி மாதிரி" என்று சொல்லி வைத்தேன். அந்தப் பெண்ணின் கதை அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். ஆனால் வெபர் விடவில்லை. "உன் அம்மா நம் கோட்டையைப் பார்க்காமல் போவதா?" என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு எங்களையும் இழுத்துக்கொண்டு போனார்.

பிளந்த கோபுரத்தின் முன்னால் நின்று வெபர் தன் கதையை எடுத்து விட்டார். முப்பது வருடமாகச் சொல்லிப் பழகிய கதை, எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் சிரிக்கும் என்று அவருக்குத் தெரியும். பகைவர் படை குளிர்காலம் முழுக்க முற்றுகையிட்டும் ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாத கோட்டை இது. அதன் கோபுரத்தை ஒரு முட்டாள் வேலைக்காரி, பூனையைத் தேடி விளக்கோடு உள்ளே போய், ஒரே நொடியில் தகர்த்துவிட்டாள்! கூட்டம் சிரித்தது. "அந்தக் காலத்துக் கோட்டையாம், அம்மா" என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.

"அதுக்கா இம்புட்டுச் சிரிப்பு? முழுசாச் சொல்லு."

சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது மருந்து வச்சிருந்த இடமா?"

"ஆமாம்மா. காலியாகி முந்நூறு வருசமாச்சு."

"காலியாக் கெடந்தாலும் மருந்து வச்ச இடந்தான், தாயி."

குனிந்து ஷூவைக் கழற்றினாள். சேலை ஊக்கை எடுத்து வாசல் கல்லில் வைத்தாள். கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு, தலையிலும் ஒருமுறை விரல் விட்டுத் தேடினாள். பிறகு வெறுங்காலோடு உள்ளே போனாள். இது ஏதோ எங்கள் மத வழக்கம், இறந்தவளுக்காகப் பிரார்த்திக்கிறாள் என்று வெபர் நினைத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

அம்மா சுவரைத் தட்டினாள். அண்ணாந்து கீழறையின் கல் கூரையைப் பார்த்தாள். ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"ஏ புள்ள, மத்த வாசல் எங்கன?"

"ஒண்ணுதாம்மா."

"அம்புட்டு மருந்த அடைச்சு வச்சு ஒத்த வாசலா? அந்தப் பிள்ள எந்தப் பக்கம் ஓடும்?" அவள் குரல் உயர்ந்தது. "வெளக்கோட போனாளாம்ல. உள்ள இருட்டுக் கசமா இருக்கு, வெளக்கு இல்லாம எப்பிடிப் போவா? பூனையத் தேடித்தான் போனான்னு எவன் பாத்தான்? அவ பேரென்னனு கேளு."

கேட்டேன். பெயர் எந்தப் பழைய ஏட்டிலும் இல்லை, வேலைக்காரி என்றுதான் எழுதியிருக்கிறது என்றார் வெபர்.

"பேரு கூடத் தெரியாம ஊரே சிரிக்காகளா?"

பிறகு, அந்த இருட்டில் நின்றுகொண்டு, பதினெட்டு வருடமாகச் சொல்லாததை அம்மா சொன்னாள்.

"எந்தலையில ஊசி இருந்துச்சோ இல்லையோ, எனக்கு இன்னிக்கும் தெரியாது, தாயி. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். ஆனா நம்ம ரூமுக்கு நாலு வாசல். மூணுல ஆர்டருக்குப் போற பெட்டிய அடுக்கி அடைச்சிருந்தாக. மாரியக்கா அந்தப் பெட்டியத் தள்ளிக்கிட்டே... அது எனக்கு நல்லாத் தெரியும். அத யாரும் எங்கிட்டக் கேக்கல."

நானும் கேட்கவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் வெந்த கையால் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "பெரியவரு எதுக்குத் தொப்பியக் கழத்திட்டு நிக்காரு? வெயில் அடிக்கு, போடச் சொல்லு" என்றாள்.

அன்று மாலை கடையைப் பூட்டும்போது எல்லாவற்றையும் வெபருக்குச் சொன்னேன். ஜெர்மன் மொழியில் எனக்கு அழத் தெரியாது, அதனால் ஒழுங்காகவே சொல்லி முடித்தேன். அவர் மாவுப் பலகையைத் துடைத்தார். "முப்பது வருடம் அந்தக் கதையைச் சொன்னேன். ஒரு தடவைகூட வாசலை எண்ணிப் பார்க்கவில்லை" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அந்த உருவத்தில் பன் சுடுவதை நிறுத்திவிட்டார். கேட்டவர்களிடம் அச்சு உடைந்துவிட்டது என்றார். அச்சு அலமாரியில் பத்திரமாக இருப்பது எனக்குத் தெரியும்.

அம்மா ஊருக்குப் போன பிறகு ஒரு சனிக்கிழமை, வெபர் காலண்டரில் முந்தைய நாள் தாளைக் கிழித்து, நான்காக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போனார். அன்று பன்னிரண்டு மணிக்குப் பூனை ஓடியது, பெண் ஓடினாள், கதவு பாதி வந்து நின்றுவிட்டது. டும். கூட்டம் வழக்கம்போலக் கை தட்டியது. கதவிடுக்கில் ஒரு வெள்ளைத் தாளின் முனை தெரிந்தது. பழைய கடிகாரம், கதவு சிக்குகிறது என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார் வெபர். சனிக்கிழமைதோறும் தாள் மட்டும் மாறுகிறது. கடிகாரத்துப் பெண்ணைப் பற்றியும் அந்தக் கதவைப் பற்றியும் அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டேன்.

நேற்று போன் கார்டைச் சுரண்டி, கடை வாசலில் நின்று அம்மாவை அழைத்தேன். அங்கே பிற்பகல் மூன்றரை. பேசிக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு மணி அடிக்கத் தொடங்கியது. அப்போது அம்மா பக்கம் தூரத்தில் ஒரு வெடிச் சத்தம். "இரு தாயி, பாத்துட்டு வாரேன்" என்று போனை வைக்காமல் வெளியே ஓடினாள். தெருவில் பெண்களின் குரல்கள் கேட்டன. என் கண் இங்கே கடிகாரக் கதவில் இருந்தது, காது முழுக்கப் புதுப்பட்டியில் கிடந்தது.

மூச்சு வாங்க வந்தாள். "ஒண்ணுமில்ல, கல்யாண வீட்டு வேட்டு."

இந்தப் பக்கம் பூனை ஓடியது, பெண் ஓடினாள், டும் என்றது. அது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அந்தப் பிள்ளையா?"

"ஆமாம்மா."

"கதவு?"

"தெறந்துதாம்மா இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் அம்மா.