ஜன்னலுக்குப் போகாத கறைகள்

சலவைக்கடைக்காரியைத் தெருவில் எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் தேய்த்துக் கொடுத்த கால்சட்டை நாள் முழுக்க பஸ்ஸில் நசுங்கினாலும் மடிப்பு கலையாது. முன்னறை கடை, பின்னால் இரண்டு அறையும் சமையலறையும் வீடு.

தொழிலில் அவள் மீறாத பழக்கம் ஒன்று உண்டு. கறை இன்னதென்று தெரியாமல் அதன் மேல் தண்ணீர் படக் கூடாது. துணியை ஜன்னலுக்கு எடுத்துப் போய், வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, பின்பக்கமும் பார்த்து, முகர்ந்த பிறகுதான் கை வைப்பாள். கொண்டுவந்தவர் சொல்வதை நம்புவதில்லை. "டீ கொட்டிடுச்சுக்கா" என்றால், "டீ பாக்கெட்டுக்குள்ளேயா கொட்டும்? உங்க பேனா ஒழுகியிருக்கு" என்பாள்.

இப்படிப்பட்டவள், தன் பூனை விஷயத்தில் ஒரு முறைகூட ஜன்னலுக்குப் போகவில்லை.

பொத்தான் ஆறு வயது ஆண் பூனை. குட்டியாக இருந்தபோது பொத்தான் டப்பாவுக்குள் தூங்கியதால் அந்தப் பெயர். அதற்கென்று வைத்த மணல் டப்பாவைத் தவிர வேறெங்கும் அது மூத்திரம் போனதில்லை. போன மாதம் பெரிய சலவை மெஷின் வந்தது. சலவைக்கு வாங்கிய துணிகளை அடுக்க இடம் போதாமல், படுக்கையறை மூலையில் இருந்த மணல் டப்பாவை மெஷினுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தார்கள். சில நாளில், தேய்த்து வைத்த துணி மேல் பொத்தான் ஏறி இரண்டு சொட்டு விட்டது. அப்புறம் சமையலறைத் தொட்டியில். அப்புறம் குளியலறை மிதியடியில்.

"கொழுப்பு. இடத்தை மாத்திட்டோம்ல, வேணும்னே பண்ணுது" என்றாள். அதற்குமேல் விசாரணை இல்லை. நனைந்ததை அப்படியே வாளியில் அமுக்குவாள். தரையில் நெடியடிக்கும் திரவத்தை ஊற்றித் தேய்ப்பாள். பொத்தான் அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

வங்கி மேலாளர் ஒரு நாள் சட்டையோடு திரும்பி வந்தார். "அக்கா, தேய்ச்சது நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டுல பூனை கிடையாதே" என்றார். குரலை உயர்த்தவில்லை. அது அவளுக்கு இன்னும் சுருக்கென்றது.

அவள் கணவர் பஸ் ஓட்டுநர். அன்று சாயங்காலம் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்றோடு வந்தார். "டிப்போ கேன்டீன்ல எலி ஜாஸ்தியாம். ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விட்டுடறேன். உன் கடையா, பூனையான்னு பாரு."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. "ஆறு வருஷமா சோறு போட்டேனே, உனக்கு என்ன குறை வச்சேன்?" என்று பூனையைத்தான் திட்டினாள்.

சனிக்கிழமை காலை பொத்தான் பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டு மேல் குந்தியிருந்தது. அவள் அதட்டினாள். அது ஓடவில்லை. வெகுநேரம் முக்கிவிட்டு மெல்ல இறங்கி, மணல் டப்பாவுக்குப் போய்க் குந்தியது. ஒன்றும் வராமல் வெளியே வந்தது. திரும்பப் போய்க் குந்தியது.

"வயிறு கட்டிக்கிச்சு போல. கொஞ்சம் எண்ணெய் குடு" என்றார் கணவர்.

கோட்டை வாளிக்குக் கொண்டுபோனவள் நின்றாள். பல் டாக்டர் கோட்டில் எப்போதும் ஏதாவது மருந்து சிந்தியிருக்கும். எது மருந்து, எது பூனை என்று பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னலில் பிடித்தாள். காசளவு ஈரம். ஓரமெல்லாம் இளஞ்சிவப்பு.

"ஏங்க, இங்க வாங்க. இது ரத்தம்."

"பல் புடுங்கறவர் கோட்டுல பின்ன என்ன இருக்கும்?"

"அது காய்ஞ்சு பழுப்பா இருக்கும். இது இன்னும் சூடா இருக்கு. இவனோடதுங்க."

டிப்போவுக்குப் போக வேண்டிய அட்டைப்பெட்டியில்தான் பொத்தான் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனது. டாக்டரம்மா அடிவயிற்றைத் தொட்டதுமே முகம் மாறினார்.

"மூத்திரப்பை கல்லாட்டம் இருக்கு. எத்தனை நாளா முக்குது?"

"கொழுப்புன்னு நினைச்சுட்டோம் டாக்டர்."

"பூனைக்கு யாரையும் பழிவாங்கத் தெரியாதும்மா. போறப்ப வலிச்சா, மணல் டப்பாதான் வலிக்க வைக்குதுன்னு வேற மெத்துன்னு இடம் தேடும். ஆண் பூனைக்குக் குழாய் ரொம்பக் குறுகல். இப்ப சுத்தமா அடைச்சிருக்கு. நாளைக்குக் கொண்டுவந்திருந்தா காப்பாத்தறேன்னு சொல்லியிருக்க மாட்டேன்."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கணவர் அட்டைப்பெட்டியின் ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மயக்க மருந்து கொடுத்து மெல்லிய குழாய் விட்டார்கள். பொத்தான் மூன்று நாள் அங்கேயே இருந்தது. அந்த மூன்று நாளும் அவள் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். மிதியடியில் சிவப்பு இருந்ததா? தொட்டியில்? தெரியாது. சாட்சியை எல்லாம் அவளே அலசி ஊற்றியிருந்தாள். காரணம் தெரிந்துவிட்டது என்ற நிச்சயத்தில்தான் மனிதர்கள் பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். அவள் அதை இப்படியெல்லாம் சொல்லவில்லை. "என் கண்ணு எங்கே போச்சு" என்றாள், அவ்வளவுதான்.

பொத்தான் வீட்டுக்கு வந்தது. ஈரமான தீனி, அறைக்கு அறை தண்ணீர்க் கிண்ணம், சத்தமில்லாத இடத்தில் மணல் டப்பா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நெடித் திரவம் பூனைக்கு மூத்திர வாசனையாகவே படுமாம். அது குப்பைக்குப் போனது. படுக்கையறை மூலை மணல் டப்பாவுக்கே திரும்பியது. துணி அடுக்கு கணவரின் கட்டிலோரம் வந்தது. திரும்பவும் அடைக்கலாம் என்று எச்சரித்திருந்ததால், தினமும் காலையில் மணலைக் கிளறி, மூத்திரம் பட்டுத் திரண்ட ஈர உருண்டைகளின் அளவு பார்த்தாள்.

"என் சர்க்கரையைக்கூட நீ இப்படிப் பார்த்ததில்ல" என்றார் கணவர்.

"நீங்க வாயத் திறந்து சொல்லுவீங்க."

இரண்டு வாரம் கழித்துக் குளியலறை மிதியடி நனைந்திருந்தது. கணவர் அவளையே பார்த்தார். அவள் மிதியடியை ஜன்னலுக்குக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் பார்த்தாள். அகலமான மஞ்சள் கறை. சிவப்பு இல்லை. பொத்தான் தாராளமாகப் போயிருந்தது. வீட்டுக்குள் திரும்பினாள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. மணல் டப்பா உள்ளே.

"கதவை யாரு சாத்துனது?"

கணவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து, திரும்பச் சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தன் செருப்பை அண்டக் கொடுத்தார். அதன் பிறகுதான் அவள் மிதியடியைத் தண்ணீரில் போட்டாள்.