கோம்பை நாய் விட்டுக்கொடுத்த ரத்தம்

இன்று காலை கோம்பைக் கறிக்கடையில், எனக்கு முன்னால் நின்ற அண்ணன் கடைசி ஆட்டு ரத்தத்தையும் வாங்கிவிட்டார்.

எனக்கு ஏழாம் மாதம். ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. மாத்திரையோடு ரத்தப் பொரியலும் சாப்பிடலாம், நன்றாக வெந்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

கடைக்காரர் கையை விரித்தார். "தீந்து போச்சே ஆத்தா. வெள்ளன வரக்கூடாதா?"

அந்த அண்ணன் திரும்பி என் வயிற்றைப் பார்த்தார். பையை என் கையில் திணித்தார்.

"வேணாம்ணே, உங்க வீட்ல காத்திருப்பாக."

"காத்திருக்கிறது எங்க நாய்தான் தாயி. அதுக்குக் குடலை வேகவச்சுப் போட்டுக்கிறேன். ஆனா இதத் திங்கிறோமேன்னு மாத்திரைய நிறுத்திறாத. எம் பொண்டாட்டி அப்பிடித்தான் நிறுத்திட்டு மயங்கி விழுந்தா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

சின்ன வெங்காயம், மிளகு போட்டு, உள்ளே சிவப்பே தெரியாமல் வேகவைத்துச் சாப்பிட்டேன். மாத்திரையையும் போட்டேன்.

அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். கோம்பைக்காரர்களே, இன்று எந்த வீட்டு நாய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். நேரில் போய் நன்றி சொல்ல வேண்டும்.