நூற்று நாற்பது பக்கமும் ஒரு வரியும்

ரெமிஜியஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்டின் டவுனில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் கம்பெனிக்குப் பத்தொன்பது வருடம் உழைத்தவர். பக்கத்து மேசையில் டெஸ்டிங் பார்க்கும் வேதநாயகி நான். அவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, வயிற்றெரிச்சல் இருக்கிறது.

ஒரு வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஜாவா அப்ளிகேஷன்கள் குடியிருக்கும் பழைய சர்வரைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. அவரைக் கேட்காமல் அதில் ஒரு ஃபைல் போகக் கூடாது. போட்டவரை நடு ஹாலில் நிறுத்தித் தாளித்துவிடுவார். "எதுக்குன்னு தெரியாம ஒரு ஃபைலக்கூட உள்ள விடாதீங்கப்பா. உங்க வூட்ல யாருன்னு தெரியாதவன உள்ள விடுவீங்களா?" என்பார். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் மேலிடத்துக்குத் திடீரென்று ஞானோதயம். பழைய சர்வருக்கு முழுக்கு. அப்ளிகேஷன்கள் எல்லாம் புது சர்வருக்கு மாற வேண்டும். மாற்றுவதற்கென்று கவின் என்பவன் தலைமையில் ஒரு டீம் வந்து இறங்கியது. மேனேஜர் உமேஷ், ரெமிஜியஸைக் கூப்பிட்டுத் தெரிந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி வைக்கச் சொன்னார். புது டீமில் தனக்கு இடம் உண்டா என்று இவர் கேட்டார். "மொதல்ல எழுதுங்க. அப்புறம் அவசியம் இருந்தா பாக்கலாம்" என்றார் உமேஷ். அவசியம் இருந்தால்! பத்தொன்பது வருடம் சுமந்தவரிடம் சொல்கிற பேச்சா இது?

ஆறு வாரம் குனிந்த தலை நிமிராமல் எழுதினார். நூற்று நாற்பது பக்கம். எழுதியதை டீம் முழுவதும் படிக்கும்படி கம்பெனியின் உள்தளத்தில் ஏற்றினார். ஒன்றே ஒன்றை மட்டும் எழுதவில்லை.

பல வருடங்களுக்கு முன்பு, பாலிசி கடிதங்கள் அச்சாகாமல் பாதியில் நின்றன. அப்போது அவரே ஒரு சின்ன ஃபைல் எழுதி, அவசரத்துக்கு அப்ளிகேஷனுக்குள் வைக்காமல், சர்வரின் பொது ஃபோல்டரில் கையால் போட்டார். அது அப்படியே தங்கிவிட்டது. அப்ளிகேஷனை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் அந்த ஃபைல் அதோடு சேர்ந்து போகாது. கடிதம் மறுபடி நின்றுவிடும். இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கேன்டீனில் என்னிடம் மட்டும் சொன்னார்.

"பாவந்தான் வேதா. இத்தன வருஷத்துல நான் எதையும் மறைச்சதில்ல. ஆனா லெட்டர் நின்னா என்னத்தானே கூப்பிடணும்? அப்ப நான் வேணும்னு தெரியும்ல."

நான் தடுத்திருக்க வேண்டும். "எழுதாதீங்க ரெமி. அவங்களுக்கு அப்படித்தான் வேணும்" என்று ஏற்றிவிட்டேன். என் வாய் அப்படி.

புது சர்வரில் சோதனை ஓட்டம் செப்டம்பர் முதல் சனிக்கிழமை காலையில். மாதா திருவிழா நவநாள் நடந்துகொண்டிருந்தது. பூசைக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர் ரெமிஜியஸ். அதற்காக மற்றவர்களையும் முறைப்பவர். அன்றைக்குச் சட்டைப் பையில் போனோடு கோயிலுக்குப் போனாராம். மனைவி பெர்னதெத் அதிர்ந்துபோய்ப் பார்த்திருக்கிறார்.

ஆபீஸில் கடிதத்தை அச்சுக்கு அனுப்பியது நான்தான். ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று ஒரு டெஸ்டர் வேண்டிக்கொண்டது உலகத்திலேயே அன்றைக்குத்தான் இருக்கும். கடிதம் அச்சாகி வந்தது. கையெழுத்து வரைக்கும், ஒரு குறை இல்லாமல்.

"பொது ஃபோல்டர்ல எதையெல்லாம் எடுத்தீங்க?" என்று கவினைக் கேட்டேன்.

"எது எதுக்குன்னு யாருக்கு மேடம் தெரியும்? மொத்த ஃபோல்டரையும் அள்ளிப் போட்டுட்டோம்" என்று சிரித்தான்.

இருநூற்றுச் சொச்சம் ஃபைல்கள். பழசு, செத்தது, எதற்கென்றே தெரியாதது எல்லாவற்றையும் குப்பையோடு குப்பையாக வாரிக்கொண்டு போயிருக்கிறார்கள். ரெமிஜியஸ் ஆயுள் முழுக்க எதைச் செய்யாதே என்று கத்தினாரோ, அதைச் செய்துதான் பிழைத்துக்கொண்டார்கள்.

வராந்தாவுக்கு வந்து போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் பாட்டுச் சத்தம். கோயிலை விட்டு வெளியே ஓடி வந்திருக்க வேண்டும்.

"நின்னுடுச்சா வேதா?" அந்தக் குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"இல்ல ரெமி. வந்துடுச்சு."

போனை வைத்துவிட்டார்.

அக்டோபரில் அவருக்கு வேலை போனது. கடைசி நாள் கேக் வெட்டினார்கள். ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்த நேர்மையான மனிதர் என்று உமேஷ் பாராட்ட, எல்லோரும் கை தட்டினார்கள். ரெமிஜியஸ் தலையைக் குனிந்துகொண்டார். கேக்கைத் தொடவே இல்லை.

மேசைக்கு வந்ததும் கம்ப்யூட்டரைத் திறந்தார். "அந்த ஒரு வரிய எழுதிட்டுப் போயிடறேன் வேதா. இல்லன்னா தூக்கம் வராது" என்றார். தன் டாக்குமென்டைத் திறந்து, பொது ஃபோல்டரில் இருக்கும் அந்த ஃபைலின் பெயரையும் அது எதற்கு என்பதையும் கடைசியில் சேர்த்தார். அதன் அடியில், இதுவரை படித்தவர்களின் எண்ணிக்கையைத் தளமே காட்டியது: ஒன்று.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யாரு வேதா அந்த ஒருத்தர்?"

"நீங்கதான் ரெமி."

நானும் படித்ததில்லை என்பது அதில் அடக்கம். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வரியில் விட்டுப்போயிருந்த ஒரு முற்றுப்புள்ளியை வைத்து, சேமித்துவிட்டு எழுந்தார்.